பாண் வாங்க வந்தவர்

ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்தின் பேக்கரி வரிசையில் நிற்கிறேன். போனில் நான் தமிழ் பேசியதைக் கேட்டு, முன்னால் நிற்கும் யாழ்ப்பாணத்து அக்கா திரும்பிச் சிரிக்கிறார். தன் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டுகிறார். ஓய்வுபெற்ற ஜப்பானியக் கால்பந்து வீரர் ஒருவர், ஒரு ரொட்டியை முகர்ந்து பார்த்து, ஜெர்மன் மொழியில் நிதானமாகப் பேசி, பத்துக்கு எட்டு மார்க் போடுகிறார். லட்சக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள்.

"இவர் விளையாடி நான் ஒருநாளும் பாக்கேல்லை தம்பி. ஆறுதலாக் கதைக்கிறதால எனக்கு எல்லாம் விளங்கும். அதான் ஒண்டும் விடாமப் பாக்கிறனான்."

கதவு திறக்கிறது. தொப்பியும் துணிப்பையுமாக அதே மனிதர் உள்ளே வருகிறார்.

கடை சட்டென்று அமைதியாகிறது. எல்லோரும் ரொட்டிகளையே உற்றுப் பார்க்கிறார்கள். நான் செல்ஃபிக்குப் போனை உயர்த்த, அக்கா என் கையைத் தாழ்த்துகிறார்.

"வேண்டாம். மனுசன் பாண் வாங்க வந்திருக்கிறார். இங்கத்தைய ஆக்கள் அப்பிடிக் கரைச்சல் குடுக்கமாட்டினம்."

அவர் தொப்பியைக் கழற்றுகிறார். எங்களை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார். தலைமுடியைக் கோதிவிட்டு இன்னொரு முறையும் பார்க்கிறார். பிறகு ரொட்டியோடு போய்விடுகிறார். கதவு சாத்தியதும் கடை முழுக்க அவரைப் பற்றியே பேச்சு.

மாலை ரயிலில் அவருடைய பக்கத்தைத் தேடிப் பிடிக்கிறேன். புது வீடியோ வந்திருக்கிறது. அந்தக் கடையில் வாங்கிய ரொட்டிதான், கீழே ஆங்கிலத்தில் வரிகள் ஓடுகின்றன.

"ரொட்டிக்கு ஒன்பது மார்க். கடைக்கு இரண்டு. அங்கே ஒருவருக்குக்கூட என்னை அடையாளம் தெரியவில்லை."