கிருமிக்கு மெத்தை தேடிப் பழவேற்காடு வரை

பாரிமுனையில் காலை ஆறேகாலுக்குப் பஸ் ஏறினேன். பழவேற்காட்டுக்கு அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கெட் நாலு ரூபாய் சொச்சம். பொன்னேரி வரை ஒற்றைக்காலில் நின்றேன். அங்கே மீன்கூடைக்காரிகள் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்தது, கூடைகளின் வாசனை மட்டும் இறங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், "டச்சுக்காரன் கல்லறை பாக்கவா சார்?" என்றார். "பாசி வாங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

அவர்மேல் குற்றமில்லை. எனக்கே அது விசித்திரமாகத்தான் இருந்தது. பாரிமுனைச் சந்து ஒன்றில் ஆய்வுக்கூடச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடிக் குழாய், ரப்பர் கையுறை, பஞ்சு, வெள்ளெலிக் கூண்டு என்று எதைக் கேட்டாலும் கொடுப்பேன். பள்ளிக்கூடங்களை நம்பி நடந்த கடை படுத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் வடக்கே ஓர் அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து விசாரணை வந்தது. எதிரி நாடு குண்டுக்குப் பதில் நோயைத் தூவினால் என்ன செய்வது என்று யோசிப்பதே அவர்கள் வேலை. மருந்து கண்டுபிடிக்க முதலில் கிருமியை வளர்க்க வேண்டும். கிருமி வளர மெத்தை வேண்டும். அந்த மெத்தை கடல்பாசியைக் காய்ச்சி எடுக்கும் கூழ். ஜப்பானிலிருந்து வருவது யானை விலை, இறக்குமதி உரிமம் அதைவிடப் பெரிய யானை. உள்நாட்டுப் பாசி தேறினால் வாங்கிக்கொள்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் மாதிரி அனுப்புங்கள் என்றார்கள். தேறினால் கடை பிழைக்கும். தேறாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு மைத்துனன் கடையில் கணக்கு எழுத வேண்டியதுதான்.

ஒன்பது மணிக்குப் பழவேற்காடு. எனக்குத் தங்க இடம் கொடுத்தவர் காதர் பாய். இறால் வியாபாரி; அவருடைய முன்னோர்கள் கப்பலில் துணி அனுப்பியவர்கள். வந்த விஷயத்தைச் சொன்னதும் உள்ளே குரல் கொடுத்தார். ஒரு தட்டில் ரோஸ் நிறத்தில் வில்லை வில்லையாகக் கடல்பாசி வந்தது.

"நோம்புக்கு நாங்க சாப்புடறது சார் இது. இதுலயா கிருமி வளக்கறீங்க?"

"இதேதான் பாய். சர்க்கரைக்குப் பதில் ஆட்டு ரத்தம் ஊத்துவாங்க."

பாய் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் சிரித்துவிட்டு மறுபடி என் பக்கம் தள்ளினார்.

பத்து மணிக்குப் படகு. அந்த ஏரியை எப்படிச் சொல்வது! வடக்கே பார்த்தால் கரையே இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே துணியாகக் கிடந்தன. படகுக்காரர் கோலை ஊன்றினால் பாதிக் கோல்கூட நனையவில்லை. இத்தனை பெரிய நீர்ப்பரப்பு இடுப்பளவு ஆழத்தில் நிற்கிறது. தூரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. நெருங்கியதும் கோடு எழுந்து பறந்தது. அத்தனையும் பூநாரைகள். வியாபாரத்துக்கு வந்தவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது அழகல்ல என்று தெரிந்தும் நின்றேன்.

ஒரு மணி நேரத்தில் மணல் திட்டில் ஒரு சின்னக் குப்பம் வந்தது. ஆண்கள் வலையோடு போயிருந்தார்கள். எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். வலை இல்லாத குடும்பங்களுக்குப் பாடு கிடையாது. அவர்கள் ஓரச் சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தவர்தான் எல்லம்மா. உட்கார்ந்த நிலையில் கழுத்தளவு தண்ணீரில், இறால் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கையும் அடியில் தேட, முகம் மட்டும் மேலே நகர்ந்து வந்தது. கரையேறியபோது அவர் தோளில் பழுப்பும் சிவப்புமாக நூல்நூலாகப் பாசி தொங்கியது. நான் தேடி வந்தது! பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றதெல்லாம் மறந்துபோயிற்று.

"இத்தயா கேக்கற? சீன்னு தூக்கிப் போடுவோம் சார். இன்னா பண்ணப்போற?"

சொன்னேன். பேதி, கொள்ளைநோய் எல்லாம் வளர்த்து, அதற்கு மருந்து செய்வார்கள் என்றேன். எல்லம்மா கையிலிருந்த பாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க நைனா பேதிலதான் போனாரு. அந்த நோவு இதுமேல குந்துமா?"

"குந்தும். கண்ணாடித் தட்டுல வெச்சுப் பூட்டி வெச்சிருப்பாங்க."

"அதான பாத்தேன். நோவுக்கும் ஒரு எடம் வேணும்ல."

இரண்டு மூட்டை பாசி சேர்த்து வைக்கும்படி கூலி பேசிவிட்டு மாலையில் பாய் வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாள் குப்பத்திலேயே கழுவி, மணலில் காயவைத்து எடுத்துப்போகத் திட்டம். எங்கள் தெருக் குழாய் கோடை பிறந்தால் காற்றுதான் விடும். ஏரி ஊரில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தேன், பட்டணத்துப் புத்தி.

மறுநாள் காலை நான் மறுபடி குப்பத்தில் இறங்கியதும் எல்லம்மா மூட்டைகளைப் பெருமையோடு அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஓர் அடுக்குப் பாசி, ஓர் அடுக்குக் கல்லுப்பு. பட்டணத்துக்குப் போகும் எந்தச் சரக்கையும் உப்புப் போடாமல் அந்தத் திட்டிலிருந்து அனுப்பியதில்லை. வழியில் நாறிப்போய் எனக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதே என்று, விடிவதற்குள் வீட்டு உப்பையெல்லாம் கொட்டியிருந்தார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அய்யோ, உப்பு இருந்தா கூழ் கெட்டுடும். நல்ல தண்ணியில நாலஞ்சு தரம் அலசணும்" என்றேன்.

"நல்ல தண்ணியா?" என்றார் எல்லம்மா.

அப்போதுதான் அவர் என்னை ஊற்றுக்குக் கூட்டிப்போனார். மணலைத் தோண்டிய ஒரு குழி. கீழே அகப்பையால் மொள்ளும் அளவுக்குத் தண்ணீர். மொண்டால் ஊறக் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு முறை உண்டு. எல்லம்மாவின் தெருவுக்குக் கடைசி முறை. ஏரியில் பாடு போலவே இதற்கும் ஒழுங்கு. சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர், நடுவில் இந்த அகப்பைத் தண்ணீர். மேலே பறவைகளைப் பார்த்து வியந்ததைவிட இந்தக் குழியைப் பார்த்துத்தான் அதிகம் மலைத்தேன்.

ஊர்த் தலைவரிடம் போய், "ஒரு நாள் தண்ணிக்கு என்ன விலைன்னாலும் குடுக்கறேன்" என்றேன். அவர் வலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஊத்துத் தண்ணி விக்கறதில்ல சார். அவங்கவங்க மொறை, அவங்கவங்க இஷ்டம்."

மைத்துனன் கடை என் கண்முன் வந்து நின்றது.

"உப்புப் போட்டது நானு" என்றார் எல்லம்மா. "என் மொறைத் தண்ணிய ஊத்திக்க."

"நீங்க குடிக்க?"

"நேத்து வெச்சது ஒரு சொம்பு கீது."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அவர் ஒரு குடம் மொண்டு வந்து தாழியில் ஊற்றிப் பாசியை அலசினார். அது ஒரு தரத்துக்கே போதவில்லை. ஊற்றிலிருந்து திரும்பிய ஒரு பெண் நின்று பார்த்தாள். "இன்னாக்கா இது?" "பேதிக்கு மருந்தாம்டி." அவள் தன் குடத்தைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றினாள். பின்னால் வந்தவளும் ஊற்றினாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. கடைசி அலசலில் தண்ணீர் தெளிந்தே வந்தது. நான் பாசியைப் பிழிந்து மணலில் பரப்பினேன்.

மூன்றாம் நாள் பாசி வெளுத்துக் காய்ந்து ஒரு சாக்கில் அடங்கிவிட்டது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு இல்லை. படகு ஏறும் இடத்துக்குப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள்.

"பாஸாச்சின்னா எவ்ளோ கேப்பாங்க சார்?" என்று கேட்டார் எல்லம்மா.

"மாசம் ஒரு லாரி."

மற்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். இறால் கிடைக்காத மாதத்திலும் கூலி என்றால் சும்மாவா? எல்லம்மாவும் சிரித்தார். பிறகு ஊற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான் இன்னான்னு வேண்டிக்கறது? பாஸாவணும்னா, ஆவக்கூடாதுன்னா?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒரு சாக்குக்கே ஒரு தெரு தாகத்தோடு இருந்தது. "போற வழியில மீஞ்சூர்ல கெணறு இருக்கு. பாசிய அங்க கொண்டுபோய்க் கழுவிக்கறேன்" என்றேன்.

"கூலியும் அங்கதான போவும்?"

படகுக்காரர் கோலை ஊன்றிவிட்டார். சாக்கைக் கட்டிப்பிடித்தபடி நான் கத்தினேன்: "பாசி ஏத்த வர்ற படகு காலியாத்தான வரும்! பீப்பாய்ல தண்ணி கொண்டாறேன்! நீங்களே கழுவுங்க!"

எல்லம்மா முழங்கால் தண்ணீர் வரை இறங்கி வந்தார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கழுவவா சார், குடிக்கவா?"

"ரெண்டுக்கும்" என்றேன்.

வியாழக்கிழமை கடையில் உட்கார்ந்து மாதிரியோடு விலைப்புள்ளியும் தயார் செய்தேன். பாசி, கூலி, படகு, லாரி என்று எழுதிய பின் பேனா நின்றது. எதிர்க்கடைக்காரனுக்கும் இதே விசாரணை போயிருக்கும்; அவன் என்னைவிடக் குறைத்துத்தான் போடுவான். அந்த ஆர்டர் எனக்கு வேண்டும். போனால் போகட்டும் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. சாக்கிலிருந்து ஓர் இழையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பிறகு தண்ணீர் என்று எழுதினேன். கழுவ ஒரு பீப்பாய், குடிக்க ஒரு பீப்பாய் என்று பிரித்தே எழுதினேன்.