இலைச் சூடு சொன்ன ரோபோ: காரைதீவு வயலில் ஒரு முற்பகல்

நெற்பயிரை அளக்க ரோபோ வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபின் நான் வீட்டில் இருப்பேனா? சிறுபோக நெல் பருவத்தில் ஒரு புதன்கிழமை, காலை 8.10க்கு கல்முனையில் ஆட்டோ பிடித்தேன். காரைதீவுக்கு மேற்கே வயல்வெளிவரை ஏழு கிலோமீற்றர், 900 ரூபா. "யா அல்லாஹ், அது சேத்துல எறங்குமா?" என்று சிரித்தார் ஓட்டுநர் நானா.

இறங்கியது! நீண்ட கால்களில் நான்கு சக்கரம். பயிரை மிதிக்காமல், வரிசைக்கு மேலாகக் கால் அகட்டி நகர்ந்தபடி உயரத்தையும் இலைச் சூட்டையும் அளந்தது. ஒரு வயல் துண்டுக்கு மூன்றே நிமிடம். வாய் பிளந்து நின்றேன், வெட்கமில்லை.

உவர் மண்ணைத் தாங்கும் நெல்லினத்தைத் தேடி நாற்பத்தெட்டுத் துண்டுகளில் பயிரிட்டிருந்தவர் சாய்ந்தமருது ஊர் ஆய்வாளர் றிஸ்னா. ரோபோ இரவல், அன்று பின்னேரமே லொறியில் திரும்பிவிடும். வயலில் தண்ணீர் ஏறினால் சக்கரம் புதையும். அதனால், தண்ணீரை முறைவைத்துப் பங்கிடும் வட்டவிதானை தங்கராசா, பன்னிரண்டு மணிவரை வாய்க்காலைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

10.45க்கு, இருபத்தைந்தாவது துண்டு முடிந்து ரோபோ வரம்போரம் திரும்பியபோது, அதன் கமெரா அடுத்திருந்த, வாய்க்காலின் கடைசி வயலையும் பார்த்துவிட்டது. றிஸ்னா கையிலிருந்த திரையில் அந்த வயல் முழுக்கச் சிவப்பு.

"பச்சையாத்தானே கிடக்கு?" என்றார் தங்கராசா.

"பச்சைதான் அண்ணன்," என்றார் றிஸ்னா. "ஆனா இலை சுடுது, தண்ணி இல்லாம தவிக்குது. பன்னிரண்டுக்குத் திறந்தா அங்க போய்ச் சேருமா?"

"சேராது. ஆறு மணிக்கு முறை முடிஞ்சிரும். மறுகா அஞ்சு நாளைக்குப் பொறகுதான்."

கதிர் தள்ளும் நேரத்தில் ஐந்து நாள்! றிஸ்னா மீதித் துண்டுகளைப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

"நான் கதைச்ச கதை மாறமாட்டன். நீங்கதான் சொல்லணும் தங்கச்சி."

"திறங்க அண்ணன்."

தண்ணீர் நினைத்ததைவிட வேகமாக வந்தது. ரோபோ கரையேறுமுன் புதைந்தது. அந்நேரம் பார்த்துக் கடைசி வயல்காரர் காசிம் காக்கா கத்திக்கொண்டே வந்தார். "இந்த மெசினாலதானே என்ட வயலுக்குத் தண்ணி பிந்தினது!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சும்மா கத்தாத காசிம்! உன்ட பயிர் வாடுதெண்டு சொன்னதே அதுதான். அந்தப் புள்ள தன்ட வேலைய அரைவாசியில விட்டுட்டுத்தான் திறக்கச் சொன்னது," என்றார் தங்கராசா.

காசிம் காக்கா திரையைப் பார்த்தார், பயிரைப் பார்த்தார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, ரோபோவின் முன்சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார்.

இனி இப்படி ரோபோ வரும் வயலுக்குப் போகிறவர்களுக்கு: ஒன்பதரைக்குப் பின் போங்கள், வெயில் ஏறினால்தான் இலைச் சூடு தெரியும். தொப்பியும் தண்ணீரும் அவசியம். புதுக் காற்சட்டை வேண்டாம். ரோபோ அறுபது கிலோ, தூக்க நாலு பேர் வேண்டும். நாலாவது ஆள் நான்தான்.