தட்டில் இருந்த மல்லிகை

கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் ருக்மணிக்குச் சும்மா வருகிற எதன் மீதும் நம்பிக்கை கிடையாது. கணவன் போன பிறகு சும்மா வந்ததெல்லாம் பின்னால் எதையாவது கேட்டிருக்கிறது. அதனால் தறி முதலாளி சென்னியப்பனும் அவர் மனைவியும் தேங்காய், பழம், மல்லிகைச் சரத்தோடு தட்டேந்தி வாசலில் நின்றபோது, மகள் அக்ஷயாவை உள்ளே போகச் சொன்னாள். அவர்களுக்குக் கல்யாணமாகாத, சொந்தமாகக் கார் வைத்திருக்கும் மகன் ஒருவன் இருந்தான்.

“அம்மணி, அக்ஷயாவோட நர்சிங் படிப்புச் செலவு பூராவும் எங்களுதுங்க,” என்றார் சென்னியப்பன்.

“படிக்க வெக்கறவங்க தட்டோடவாங்க வருவாங்க? பொண்ணு கேக்கறதுன்னா நேராக் கேட்டுப்போடுங்க.”

அவர் திகைத்துப்போனார். மனைவிதான் மெல்லச் சொன்னாள்: “எங்க மக புவனா நர்சிங் படிக்கறப்பவே காய்ச்சல்ல போயிட்டா. அவ பேருல செய்யறோமுங்க. ஒரு ஊட்டுக்கு வெறுங்கையோட எப்படிங்க வாரது?”

ருக்மணி தட்டை வாங்கி, மல்லிகையை மட்டும் அந்த அம்மாள் கையில் திருப்பி வைத்தாள்.

“இதப் புவனா படத்துக்குப் போடுங்க. படிப்ப நாங்க வாங்கிக்கறோம்.”

அவர்கள் படியிறங்கியதும் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“ஏனுங்க, காலேஜுல சேர்க்க நாங்க பஸ்ஸுலயே போய்க்கறோமுங்க. உங்க பையன் கார் வேண்டாங்க.”