பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில்

அடுத்தவர் செய்த பொருளில் எங்கே இடறுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் தொழில். அதனாலோ என்னவோ, வேலை முடிந்தபின் எங்களை ஒருவரும் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவதில்லை. கிளிநொச்சியில் போன் செயலிகள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு நான் இந்த வேலை செய்கிறேன். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை வரைதான் படித்தவள். வேலையை அவர்களே வகுப்பு வைத்துப் பழக்கினார்கள். ஒரு செயலி சனத்துக்குப் போகமுதல் என்னிடம் வரும். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு திறப்பேன். வீட்டில் தனியே இருந்து இதே வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: பகல் முழுக்க எங்களோடு கதைப்பது அந்தத் திரை மட்டும்தான்.

ஈரக்கை

போன மாரியில் வந்த செயலி, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற தாய் தகப்பனுக்கானது. காலையில் பச்சைப் பட்டனை அழுத்தினால் ‘நலமாக இருக்கிறேன்’ என்று பிள்ளைக்குச் செய்தி போகும். சிவப்பு என்றால் ‘உதவி தேவை’. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. குசினியில் சட்டி பானை கழுவுகிறவளின் ஈரக்கை வழுக்கினால் பச்சைக்குப் பதில் சிவப்புப் போய்விடும், அங்கே பிள்ளை பதறிப்போவான் என்றேன். அதைச் செய்த கஜன் தலையில் கை வைத்தான்.

“அன்ரி, நீங்கள் போனைத் திறக்கேக்கையே எனக்கு நெஞ்சு இடிக்குது.”

காய்ச்சல்

பட்டன்களைத் தள்ளி வைத்துத் தந்தபின், பழகிப் பார்ப்பதற்கு என் போனிலேயே போட்டேன். மகள் பிரான்சில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவளைக் கரைச்சல்படுத்தாமல் கனடாவில் இருக்கும் மகன் அன்ரனோடு இணைத்தேன். முன்பெல்லாம் ஞாயிறு பூசை முடிந்து நான் வீடு வர அவன் எனக்கு அழைப்பு எடுப்பான். பச்சை ஒழுங்காகப் போகத் தொடங்கியதும் அழைப்புக் குறைந்தது, பிறகு நின்றே போனது. அவனில் பிழையில்லை. அம்மா நலம் என்று தினமும் தெரிகிறதே.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. போர்த்துக்கொண்டு கிடந்தபடியே பச்சையை அழுத்தினேன். கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் செல்வராணி அதைப் பார்த்துவிட்டாள்.

“குலைப்பன் அடிச்சு உடம்பு நடுங்குது, நலமெண்டு அனுப்புறியள். அக்கா, உங்களைப் போல ஆக்கள் அழுத்துறதுக்கு அதில ஒரு பட்டனும் இல்லையோ?”

நடுவில் ஒன்று

அவள் கேட்டதைத்தான் நான் அலுவலகத்தில் சொன்னேன். குளிரில் வேலைக்கு ஓடுகிற பிள்ளைக்கு எங்கள் பக்கத்துத் தாய்மார் ‘உதவி தேவை’ என்று அனுப்பமாட்டார்கள். வீடு பற்றினாலும் முதலில் தண்ணீர் அள்ளித்தான் பார்ப்பார்கள். அப்படியென்றால் மிச்சம் இருப்பது பச்சை ஒன்றுதான். நடுவில் மஞ்சளாக ஒரு பட்டன் வையுங்கோ, ‘கதைக்க வேணும் போல இருக்கு’ என்று மட்டும் எழுதுங்கோ என்றேன். அன்ரனின் குரலைக் கேட்கவும் அதுதான் வழி என்பதை நான் வெளியே சொல்லவில்லை. பொறுப்பாக இருக்கிற தர்சினி யோசித்தாள். கஜன் சிரித்தான்.

“ஓமந்தையில என்ர அம்மாவிட்டை இதைக் குடுத்தால், மஞ்சள் தேய்ஞ்சு வெள்ளையாப் போயிடும்!”

மஞ்சள்

செய்து தந்தார்கள். சோதிக்க வேண்டியவள் நான். பின்னேரம் செபமாலையை எடுத்தேன். அங்கே அவனுக்கு விடிந்திருக்கும். செபம் முடிந்தது, விரல் மட்டும் திரைக்கு மேலேயே நின்றது. வேலைதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டு அழுத்தினேன்.

செபமாலையைப் பெட்டிக்குள் வைக்கமுதல் போன் அடித்தது. பஸ் இரைச்சலுக்குள்ளே அன்ரனின் குரல்.

“அம்மா, என்ன, கை மாறி மஞ்சளை அழுத்திப்போட்டியளோ?”

“இல்லையப்பு” என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சோதனை அறிக்கையில் அந்தத் தாமதத்தை நான் பட்டனின் குறையாக எழுதவில்லை.