ஆக்சிஜனைப் பார்ப்பது யார் வேலை?

போன வருடம் ஒரு மத்தியானம், அம்பகரத்தூரில் எங்கள் வீட்டில் என் கணவருக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. அரசு ஆம்புலன்ஸ் வேறு அழைப்புக்குப் போயிருந்ததால் தனியார் வண்டியைக் கூப்பிட்டோம். டிரைவர் வந்து, கணவரின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டு, காரைக்காலுக்கு வேகமாகக் கிளம்பினார்.

திருநள்ளாறு தாண்டியும் மூச்சு சீராகவில்லை. உதடு நீலம் பாரித்தது. சந்தேகப்பட்டு மாஸ்க்கைக் கழற்றி என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். காற்றே வரவில்லை.

“தம்பி, சிலிண்டர் காலியா?” என்று கத்தினேன்.

“காலையில ஒரு கேஸ் போனேன்க்கா. மாத்த முடியல,” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

தலத்தெருவில் ஒரு சின்ன கிளினிக்கைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி உள்ளே ஓடினேன். அங்கிருந்த நர்ஸ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கிளினிக் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எங்களோடு ஏறிவிட்டார். என் கணவர் பிழைத்தார்.

பிறகு புகார் கொடுக்கப் போனேன். “நாங்க பிரேக்கு, லைட்டு, டயருதாங்க பாப்போம். ஆக்சிஜன் எங்க வேலை இல்ல,” என்றார்கள் போக்குவரத்து அலுவலகத்தில். சுகாதாரத் துறை அலுவலகத்தில், “தனியார் வண்டி எங்க பொறுப்புல வராதும்மா. அதான் உங்க வீட்டுக்காரர் பொழைச்சுட்டாருல்ல, அப்பறம் என்ன?” என்றார் அதிகாரி.

“செத்திருந்தா பாத்திருப்பீங்களா சார்?” என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. சைரன் கேட்டால் எல்லோரையும் போல நானும் ஒதுங்கி வழிவிடுகிறேன். உள்ளே படுத்திருப்பவருக்கு மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று யாராவது பார்த்திருப்பார்கள் என்று மட்டும் இப்போதெல்லாம் நம்ப முடியவில்லை.