முருங்கை அடியில் குழி

எங்கள் ஹவுஸ் ஓனரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஆனால் என் நாயைப் பிடிக்காத அளவுக்கு இல்லை. திருவொற்றியூரில் மாடியில் அவர், கீழே நான், வாசலோரத்தில் அவருடைய முருங்கை மரம். அந்த மரத்தடியில் என் நாய் குழி பறித்ததுதான் சண்டை.

ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. வாரா வாரம் திங்கட்கிழமை காலையில் பார்த்தால் வேர் வெளியே தெரியும், மண் வாசற்படி வரைக்கும் இறைந்து கிடக்கும், நாய் மூக்கு நுனியில் சேறோடு வாலை ஆட்டும்.

"இன்னா நைனா, நாய் வளக்குறியா, பெருச்சாளி வளக்குறியா?" என்று மாடிப்படியிலிருந்தே கத்துவார். கடைசியில் கெடு வைத்தார். "ஆடில வூடு மாறக் கூடாதேன்னு பாக்குறேன். ஆவணி பொறந்ததும் ஒன்னு நாய் போவணும், இல்லாட்டி நீ போவணும்."

நாயை வைத்துக்கொண்டு வாடகை வீடு தேடியவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். விம்கோ நகர் பக்கம் நாலு வீடு ஏறி இறங்கினேன். நாய் என்றதுமே நாலு பேரும் கதவைச் சாத்தினார்கள்.

ஓனர் மேல் கோபத்தைக் காட்ட முடியாது. நாய் மேல் காட்டினேன். கட்டிப் போட்டேன், கயிற்றைக் கடித்தது. குழிக்குள் செங்கல் வைத்தேன், பக்கத்திலேயே புதிதாகப் பறித்தது. கன்டெய்னர் யார்டில் என்னோடு வேலை செய்கிற ஒருவர், "குழில மொளகாத்தூளு போடு மாமு, ஜென்மத்துக்கும் கிட்ட வராது" என்றார். அடுத்து வந்த திங்கட்கிழமை ஒரு கைப்பிடி மிளகாய்த்தூளைக் குழியில் கொட்டினேன். என் கையிலிருந்து விழுவதால் தின்ன ஏதோ போடுகிறேன் என்று நினைத்து, நாய் ஓடிவந்து மூக்கை நேராக உள்ளே விட்டது. அது போட்ட சத்தத்தை இங்கே எழுதப் போவதில்லை. டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் அதன் முகத்தில் ஊற்றினேன். ஒரு கண் மூன்று நாள் திறக்கவில்லை. கால்நடை டாக்டர் என்னைத் திட்டிய திட்டு எனக்குப் போதாது.

அடுத்த ஞாயிறு எனக்கு ஷிஃப்ட் இல்லை. காலையில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்: ஓனர் காசிமேட்டில் வாங்கிய மீனை ஆய்ந்து, தலை, குடல், செதில் எல்லாவற்றையும் ஒரு கேரி பேக்கில் கொண்டுவந்து முருங்கை அடியில் புதைக்கிறார். மேலே மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துச் சமமாக்குகிறார்.

வெளியே போய், "இன்னாண்ணே இது?" என்றேன்.

"மரத்துக்கு ஒரம்பா. வருசக்கணக்கா போட்னுகீறேன். காய் எப்டி கீது பாத்தியா?"

"அத்தத்தான் என் நாய் தோண்டுது!"

"என் மரம், என் மண்ணு. ஒன் நாய்க்கு அங்க இன்னா வேல?"

தெருவே கூடும் அளவுக்குக் கத்தினேன். என் மேலேயே எனக்கிருந்த ஆத்திரமும் அதில் சேர்ந்துகொண்டது. மீன் கழிவை மரத்துக்குப் போடுவது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். எனக்கே தோன்றியிருக்க வேண்டும். கடல் வாடையும் ரசாயனக் கம்பெனி வாடையும் கலந்தடிக்கும் தெருவில் எங்களுக்கு மூக்கு என்றோ செத்துவிட்டது. நாய்க்குச் சாகவில்லை. ஒரு செதில் மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறது. அது செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஓனரின் மனைவிதான் முடித்து வைத்தார். மீன் கழிவு இனி மூடி போட்ட பக்கெட்டில், குப்பை வண்டிக்கு. ஓனர் மன்னிப்புக் கேட்கவில்லை. நாயும் இருக்கிறது, வீடும் இருக்கிறது.

ஆனால் தோண்டுகிற ஆசை நாய்க்குப் போகுமா? மாடிப்படிக்குக் கீழே மணல் கொட்டி, ஒரு கருவாட்டுத் தலையைப் புதைத்து, "வா, தோண்டு" என்று கூப்பிட்டேன். நாலடி தள்ளி உட்கார்ந்து என் கையையே பார்த்தது. கேட்டைச் சாத்திக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தேன். வாலை ஆட்டிக்கொண்டு தோண்டிக்கொண்டிருந்தது. என் தலையைக் கண்டதும் நிறுத்திவிட்டது.