பொட்டுக்கு இடம் விட்ட யோகேஸ்வரி

யோகேஸ்வரியின் தம்பி தொலைபேசியில் அழைத்தபோது நான் பதுளையில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். அவள் அச்சடித்து வைத்துவிட்டுப் போன தாள்கள் சூட்டடுப்புக்குள் இருந்தன. அவள் ஊரான மடுல்சீமைப் பக்கம் விடாத மழை. "லயத்துக்கு மேல மண்ணு இறங்கிருச்சுங்க. அம்மாவ வெளிய தள்ளிட்டு அக்கா உள்ள மாட்டிக்கிச்சு. எடுத்துட்டாங்க, உசுரு இல்ல" என்றான். அடுப்பை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. தாள்கள் சுருண்டு வீணாய்ப் போயின.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் இயற்கையின் சீற்றம் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாவம் அந்த இயற்கை, வாய் இல்லாததால் எல்லாப் பழியையும் சுமக்கிறது.

மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சனத்துக்கு மழை இருட்டினாலே தூக்கம் போய்விடும். யோகா செய்தது அதற்குத்தான். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெள்ளி மையால் கோடுகள் அச்சடித்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர்களில் ஒட்டுவாள். சுவர் விரிசல் விட்டால் கோடு அறும், மின்சாரம் நிற்கும், சைரன் அலறும். சனம் ஓடிவிடலாம். அவ்வளவுதான் அவள் கேட்டது, ஓடுவதற்குக் கொஞ்சம் நேரம்.

அச்சடித்த மை காய்ந்ததும் பளபளக்கும். பார்க்க வந்த அதிகாரிகள் அதைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் யோகா சிரிப்பாள். "மினுங்குறத பாத்து ஏமாறாத புள்ள. காஞ்சிருக்கு, இன்னும் வேகல." மைக்குள் இருக்கும் வெள்ளித் துகள்கள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால்தான் மின்சாரம் ஓடும். சூடு குறைந்தால் கோடு வெறும் அலங்காரம், கூடினால் தாள் சுருண்டுவிடும். அந்த நடுச் சூட்டைப் பிடிக்க அவள் அடுப்பு முன்னாலேயே கிடந்தாள்.

தாள்களை ஒட்டிய முதல் வருடம் ஆயுத பூசை வந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் கொழுந்துக் கூடைக்கும் பொட்டு வைத்த கையோடு, தங்களைக் காக்கும் தாளுக்கும் சனம் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தது. ஈரச் சந்தனம் மூடாமல் கிடந்த முனைகளில் இறங்க, மின்சாரம் வழிதவறிச் சைரன் அலறியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கோயிலடிக்கு ஓடினார்கள். மலையில் கொழுந்து எடுப்பு நின்றுபோனது. தோட்ட நிர்வாகியான பெரிய துரைக்கு வந்ததே கோபம்! மறுநாளே சைரன்களைக் கழற்றி அலுவலக அலுமாரிக்குள் பூட்டிவிட்டார்.

சனத்துக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லக் கூடாதா என்று நான்தான் எரிந்து விழுந்தேன். அவள் கேட்கவில்லை. "சாமியா நெனைச்சு வச்சிருக்காங்க. அவுங்கள ஏன் மாத்தணும்? தாள மாத்துவோம்" என்றாள். முனைகள் உட்பட எல்லாவற்றையும் மூட ஒரு பூச்சு கண்டுபிடித்தாள். தாளின் மேல்பக்கம், கோடுகள் எட்டாத இடத்தில், சிவப்பு மையால் ஒரு சின்ன வட்டம் அச்சடித்தாள். பொட்டுக்கென்றே ஓர் இடம்.

புதிய தாளை எடுத்துக்கொண்டு துரையின் அலுவலகத்துக்கு எத்தனை தடவை நடந்தாள்! கொழுந்து குறையட்டும் என்றார்கள், அப்புறம் மழை விடட்டும் என்றார்கள். மழையில் காக்கும் கருவிக்கு மழை விட வேண்டுமாம்! சாவி துரையின் சட்டைப்பையில் இருந்தது. அதன்பின் மழை பிடித்தாலே அவள் பஸ் ஏறிப் பசறை வழியாக வீட்டுக்குப் போய்விடுவாள். ஏன் இப்படி அலைகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "சைரன் இல்லல்ல. நானாவது முழிச்சிருக்கணும்" என்றாள்.

முழித்துத்தான் இருந்தாள். சுவர் முறிந்த சத்தம் கேட்டு லயம் முழுக்கத் தட்டி எழுப்பியிருக்கிறாள். கடைசியாக அம்மாவைத் தள்ளிவிட்டவளைத் தள்ளிவிட ஆள் இல்லை. துரை பெரிய மலர்வளையம் அனுப்பினார். அதில் அவள் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள், அதுவரைக்கும் சந்தோஷம்.

கருமாதி முடிந்த மறுநாள், லயத்துச் சனம் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதற்குப் பின்னாலும் மலைதான். யாரிடமும் அனுமதி கேட்காமல் அவளுடைய தாளைச் சுவரில் ஒட்டி, ஆய்வுக்கூடத்துச் சைரனை மாட்டினேன். யோகாவின் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். விரலால் தடவித் தேடி, அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு பொட்டு வைத்தார். வைத்துவிட்டு, "சத்தம் வரலையே தாயி" என்றார்.

"வராதும்மா. யோகா சரி பண்ணிட்டா" என்றேன்.

மற்றச் சைரன்கள் இன்னும் அந்த அலுமாரிக்குள்தான் இருக்கின்றன. அவளுடைய பொறுமையை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவியை வாங்கும்வரை, அவள் ஒரு நாளும் படாத கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.